பாய்ப்படகில் ஒரே பக்கம்

கல்யாணமாகிப் பதினொரு வருடமாகியும் மற்றவர்கள் முன்னால் மனைவியை ஒட்டி உட்கார எனக்கு வெட்கம். கொக்கிளாய்க் களப்பில் பொழுது படுவதைப் பார்க்க, எங்கள் இருவருக்கென்றே பாய்ப்படகு பிடித்துப் போனபோதும் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் உட்கார்ந்தோம். படகோட்டி இருக்கிறாரே!

நடுக்களப்பில் திடீரென்று காற்று பாயை நிறைத்தது. அவள் இருந்த பக்கம் சரிந்து, தண்ணீர் உள்ளே அடித்தது.

"அக்கா, அண்ணையின்ர பக்கம் போங்கோ! ரெண்டு பேரும் ஒட்டி இருங்கோ!" என்று படகோட்டி கத்தினார்.

அவள் பாய்ந்து வந்து என் கையை இறுகப் பிடித்தாள். படகு நிமிர்ந்து பறந்தது. முகமெல்லாம் உப்புத் தண்ணீர், வானமெல்லாம் சிவப்பு. பயத்தை மறந்து இருவரும் கத்திச் சிரித்தோம்.

காற்று தணிந்ததும், "இனிப் பழைய இடத்தில இருக்கலாம் அக்கா" என்றார்.

"வேண்டாம் தம்பி, இஞ்சயே இருக்கிறன்."

அப்போதும் அவர் கண் பாயில்தான் இருந்தது. இத்தனை வருடமும் யாருடைய கண்ணுக்குப் பயந்தேன்? திரும்பும் பஸ்ஸிலும் அவள் கையை நான் விடவில்லை.