சப்போர்ட் முடிவதற்கு முந்தைய சனிக்கிழமை

எங்கள் கம்பெனி சென்னையில். நான் கள்ளக்குறிச்சியில், எங்கள் வீட்டு மாடியறையிலிருந்தே வேலை பார்க்கிறேன். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடும் ஆப் எங்களுடையது. அது பல துண்டுகளாகப் பல மெஷின்களில் ஓடுகிறது. எந்தத் துண்டு எங்கே ஓட வேண்டும், விழுந்தால் எப்படி எழுப்ப வேண்டும் என்று கவனிக்க ஒரு மென்பொருள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் கிளஸ்டர் என்போம். இந்த மெஷின்களை வாடகைக்குத் தரும் கிளவுட் கம்பெனி, அந்த மென்பொருளின் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கொஞ்ச காலம்தான் சப்போர்ட் தரும். பிறகு கூடுதல் கட்டணத்தில் இன்னும் கொஞ்ச காலம். அதுவும் முடிந்தால், நம்மைக் கேட்காமல் அவர்களே அடுத்த வெர்ஷனுக்கு ஏற்றிவிடுவார்கள்.

எங்களுக்கு அந்தக் கெடு திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிகளில் கூட்டம் அலைமோதும் நாள். அதனால் சனிக்கிழமை மதியமே நாங்களாக ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இதில் ஒரு வெர்ஷனைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஏறினால் இறங்கவும் முடியாது. ஆகவே ஒருவர் செய்ய, இன்னொருவர் கூடவே பார்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கூடப் பார்க்க வேண்டியவர், எங்கள் ஊருக்கு மேலே மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்காரர். ஒரு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்தும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. மலையில் நெட் தாங்காது என்பதால் கேமராவும் கிடையாது. வெறும் குரல்தான். அந்தக் குரலுக்காகவே நான் மீட்டிங்குக்குச் சீக்கிரம் போக ஆரம்பித்திருந்தேன்.

சனிக்கிழமை காலை போன் வந்தது.

"மேல நல்ல மழைங்க. கரண்டு இல்ல, டவரும் படுத்துடுச்சு. ஜீப்புல கீழ வந்துக்கினு இருக்கேன், இங்கதான் சிக்னல் கெடச்சுது. உங்க வூட்ல உக்காந்து செய்யலாங்களா?"

"வாங்களேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் மாடியறையைப் பெருக்க ஆரம்பித்தேன்.

அம்மாவிடம், "ஆபீஸ்ல கூட வேலை செய்றவர் வராரும்மா, கிளஸ்டர் வெர்ஷன் மாத்தணும்" என்றேன். மகளைத் தேடி ஒருவர் வருகிறார் என்ற முதல் பாதி மட்டும்தான் அம்மா காதில் விழுந்தது. அடுப்பில் ரவை வறுபடும் வாசனை வந்தது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டார்.

வெள்ளிமலைக்காரர் முழங்கால்வரை சேறோடு, லேப்டாப்பை பாலித்தீன் கவரில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றார். நான் நினைத்ததைவிட உயரம்.

"தம்பி கால் கழுவிக்கினு வாங்க" என்றார் அப்பா. "சொந்த நிலம் ஏதாவது இருக்குதா?"

"சாமை போடுறோங்க."

நான் அவசரமாக மாடிக்கு இழுத்துப் போனேன். துண்டுகளைக் கவனிக்கும் அந்த மென்பொருளை ஒவ்வொரு வெர்ஷனாக ஏற்றினோம். ஒவ்வொரு முறை காத்திருக்கும்போதும் அம்மா எதையாவது எடுத்துக்கொண்டு வந்தார். கேசரி, பஜ்ஜி, காபி. கடைசியாகப் பழைய மெஷின்களைக் காலி செய்து, துண்டுகளைப் புதியவற்றுக்கு மாற்ற வேண்டும். எல்லாம் நகர்ந்தன. நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்பும் துண்டு மட்டும் அசையவில்லை.

அந்தத் துண்டுக்கான விதியைத் திறந்து பார்த்தோம். 'எந்நேரமும் இதன் ஒரு பிரதியாவது ஓட வேண்டும்' என்று யாரோ எப்போதோ எழுதியிருந்தார்கள். ஓடியதோ மொத்தமே ஒன்று. அதை எப்படி வெளியேற்றுவது?

அவர் ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னார், "ஒண்டியா இருந்தா நகராதுங்க. ஜோடி போட்டு வுட்டா கிளம்பிடும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும்தான். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே இன்னொரு பிரதியை ஓடவிட்டேன். பழையது சத்தமில்லாமல் வெளியேறியது.

கீழேயிருந்து அம்மா கேட்டார், "இன்னாடி, வேலை பாக்குறீங்களா, சிரிச்சிக்கினு இருக்கீங்களா?"

"முடிஞ்சுதும்மா."

சாயங்காலம் அவரை பஸ் ஸ்டாண்டுவரை வழியனுப்பப் போனேன். ஆபீஸ் பேச்சு ஒன்றுகூட வரவில்லை. வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இனிமே மீட்டிங்ல கேமரா போடுறேங்க. நெட் போனாலும் பரவாயில்லீங்களா?" என்றார். பரவாயில்லை என்றேன். வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக நடந்து வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை டோக்கன்கள் வழக்கம்போல விழுந்தன. எதுவும் மாறியதாக ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே மலைக்குப் போயிருந்தார். பொழுது சாய வந்தவர், அரை மூட்டை சாமையை நடுவீட்டில் இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"நல்ல மனுஷங்கதான். ஆனா மேல குளிரு கொஞ்சம் ஜாஸ்தி. இவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கணும்."