தலையைத் தட்டினேன்

காற்றடித்தால் படகு, மடித்தால் முதுகுப்பை. அதைத் தூக்கிக்கொண்டு நேபாளம், நியூசிலாந்து என்று ஆறு ஆறாக அலைகிறவள் நான். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஒரு வாரம் இருந்தாலே கால் தரிக்காது.

அன்று தோழி மேரியோடு கோலகுபு பாருவுக்கு ரயிலேறிப் போய், சிலாங்கூர் ஆற்றில் இறங்கினேன். முதல் வேகச்சுழலிலேயே படகு கவிழ்ந்து, என் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தண்ணீர் முதுகை இடித்துத் தள்ளியது. தன் படகில் முன்னால் போய்விட்ட மேரி திரும்பிப் பார்த்தாள். ஆற்று இரைச்சலில் குரல் எடுபடாது, சைகைதான். உச்சந்தலையைத் தட்டினால் 'நல்லா இருக்கேன்' என்று அர்த்தம்.

தட்டினேன். யோசிக்கவே இல்லை. யார் கேட்டாலும் என் பதில் அதுதானே!

மேரியோ கரையேறி, பாறை பாறையாகத் தாவி எனக்கு மேல்பக்கம் வந்து, கயிறு வீசி இழுத்துக் காலை விடுவித்தாள்.

"நான்தான் ஓகேன்னு காட்டினேனே" என்றேன், பல் கிட்டிக்க.

"காட்டினே லா. ஆனா நீ ஒரே எடத்துல நின்னு நான் பார்த்ததே இல்லடி."

திரும்பும்போது ரயிலில் அம்மாவின் போன், கிள்ளானிலிருந்து.

"நல்லா இருக்கியாம்மா?"

கை தானாகத் தலைக்குப் போனது. பாதியிலேயே இறக்கினேன்.

"இல்லம்மா."

நான் இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல் வந்தது. கதவு திறந்து மூடியது. நான் எழுந்திருக்கவில்லை. அதே ரயில்தான் கிள்ளானுக்கும் போகிறது.