மூன்றை ஒன்றாக்கியவர்

‘பெயர்: ம. கண்ணப்பன். பதவி: ஆய்வகப் பணியாள். கல்வி: எட்டாம் வகுப்பு. கடமைகள்: மேசைகளைத் துடைத்தல், கருவிகளை உறையிட்டு மூடுதல். மின்கருவிகளை இயக்கும் அறிவு தேவையில்லை.’ சென்னையில் ஒரு பாலிடெக்னிக்கின் 1988ஆம் வருடப் பணிப்பதிவேடு இப்படிச் சொன்னது. அந்த ஆய்வகத்தில் மைக்ரோபிராசசர் பெட்டி வேலை செய்யாதபோது விரிவுரையாளர்கள் தேடியது பதிவேட்டை அல்ல, கண்ணப்பனை. கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள், அப்புறம் மேசை தூசாக இருக்கிறது என்பார்கள்.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை, உட்கார இடம் கிடைக்கும் ரயில் ஒன்றுதான். இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு கைருன் பீவி வந்து நின்றார்.

அவருடைய கணவர் ஷாகுல் ஹமீது இறால் வியாபாரி. மாரடைப்பு வந்து வீடு திரும்பியிருந்தார். சத்தம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் டெலிபோன் நாள் முழுக்க அலறியது. ஏஜென்டுகள், ஐஸ்காரர்கள், லாரிக்காரர்கள். ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் மனிதர் படுக்கையில் துள்ளினார்.

“அறுத்துப் போட்டுடலாம்னா பரீதா இருக்காளே கண்ணப்பா,” என்றார் கைருன் பீவி.

மகள் பரீதா நிறைமாதம். ரத்தக் கொதிப்பு என்று சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கைருன் பீவியின் தங்கை அக்தர் பேகம்தான் துணை. எந்த நாளும் ஆபரேஷன் என்று சொல்லலாம். சொன்னால் அக்தர் பேகம் போன் செய்ய வேண்டும், தாய் அடுத்த பஸ்ஸில் கிளம்ப வேண்டும். ஊரே கூப்பிடலாம், மணி மட்டும் ஒருத்திக்குத்தான் அடிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் கழித்துப் போட்ட ஒரு மைக்ரோபிராசசர் பயிற்சிப் பெட்டி கண்ணப்பனிடம் இருந்தது. அதை டெலிபோன் லைனுக்கும் மணிக்கும் நடுவில் வைக்கலாம் என்று நினைத்தார். அதற்குள் இருந்த நிரல் திரை, விசைப்பலகை, டேப்ரெக்கார்டர் என்று வேண்டாததையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதது. எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். மணிகளை எண்ணு, சரியாக மூன்றில் நின்றுவிட்டு ஒரு நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் மணியை அடிக்க விடு, மற்ற எதற்கும் ஊமையாக இரு. இதை மட்டும் புதிதாக எழுதினார். ரயிலில் நின்றுகொண்டே எழுதியதால் கையெழுத்து மட்டும் ஆடியிருந்தது.

நிரல் பதிந்திருக்கும் சிப்பில் பழையதை அழிக்க புறஊதா விளக்கு வேண்டும். அது பீரோவில் பூட்டியிருந்தது, சாவி முதல்வரிடம். வெயிலும் அழிக்கும், ஒரு வாரம் ஆகும். சிப்பின் கண்ணாடிச் சன்னலை மேலே பார்க்கவைத்து, மாடியில் காயும் நெத்திலிக்குப் பக்கத்தில் வைத்தார். காக்கை விரட்ட உட்கார்ந்திருந்த அக்கா மகள் பவுனம்மாள் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். “காஞ்சிடுச்சா இல்லியானு எப்படித் தெரியும் மாமா? கருவாடா இருந்தா கடிச்சிப் பாப்பேன்.”

மூன்று மணி அடித்ததும் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடும்படி அக்தர் பேகத்திடம் சொல்லிவைத்தார்கள். பெட்டி வேலை செய்தது. நான்கு நாள் வீடு அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் ஒன்பது முறை மணி அடித்தது. ஒன்றுகூட அக்தர் பேகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் ஒரே தூக்கத்தை விட்டுவிட்டு, கண்ணப்பன் நிரலை வரிவரியாகப் பார்த்தார். தப்பு இல்லை. கடைசியில் நிரலைப் பார்ப்பதை விட்டு கைருன் பீவியைப் பார்த்தார்.

“மூணு மணி விஷயத்த யார்கிட்டயாவது சொன்னீங்களா பீவிம்மா?”

“யார்கிட்டயும் சொல்லல. கேட்டவங்ககிட்ட மட்டும் சொன்னேன்.”

“கேட்டவங்க எத்தினி பேரு?”

“இன்னா பேச்சு இது? முப்பது வருசமா இறால் வாங்குறவங்க. வாசல்ல வந்து நின்னு, போன எடுக்கலியே, பாய் எப்படி இருக்காருனு கேக்குறாங்க. உங்களுக்கு மணி அடிக்காதுனு மூஞ்சிக்கு நேரா சொல்லவா? மனுசங்கதானே நாம?”

பெட்டிக்கு மரியாதை தெரியாது. அதனால்தான் அது உருப்படியாக இருந்தது. உள்ளே ஷாகுல் ஹமீது இருமினார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஐஸ் கம்பெனிக்காரர், நலம் விசாரித்தார்.

எண்ணை மாற்ற வேண்டும். அழிக்க ஒரு வாரம் வெயில் வேண்டும், பரீதாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆனால் அழிக்காமலே சிப்பில் ஒரு காரியம் செய்யலாம். ஏற்கெனவே எழுதியதிலிருந்து குறைக்கலாம், கூட்டத்தான் முடியாது. மூன்றை நான்காக்க முடியாது. ஒன்றாக்கலாம்.

திங்கட்கிழமை மாணவர்கள் சாப்பிடப் போன இடைவேளையில், சிப்பில் எழுதும், அவர் தொடக் கூடாத கருவியில் அதைச் செருகி அந்த ஓர் எண்ணை மாற்றினார். மாலையில் ரயிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரசவ வார்டு வாசலில் அக்தர் பேகம் நின்றார்.

“இனிமே ஒரே ஒரு மணி. வச்சிட்டு மறுபடி கூப்பிடுங்க. அக்காவுக்குக்கூடச் சொல்லாதீங்க.”

“அக்காவுக்கேவா?”

“அவங்களுக்குத்தாம்மா முக்கியமா.”

ஊர் போய்ச் சிப்பை மாட்டிவிட்டுப் படுத்தார். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பெட்டி ஊமையாக இருந்தது. பழுதாகிவிட்டது என்று கைருன் பீவி வருத்தப்பட்டார். புதன் காலை பத்து மணிக்கு அடித்தது. பத்தரை பஸ்ஸில் அவர் கிளம்பிவிட்டார். மகளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது தாய் பக்கத்தில் இருந்தார்.

கண்ணப்பன் ஒரு சிப்பில் ஓர் எண்ணைக் குறைத்தார்; அதை ஒரே ஒருவரிடம் சொன்னார்.