உப்புத் தண்ணீரில் காய்த்த மரம்

இன்று ஆம்பூர்க் கடைத்தெருவில் யாரோ கசக்கி எறிந்த நார்த்தை இலையின் வாசனை, தோல் பதனிடும் ஷெட்டின் மதிலை ஒட்டியிருந்த எங்கள் பழைய கொல்லையின் நினைவைக் கிளப்பிவிட்டது. மனம் இன்னும் அடங்கவில்லை. ஷெட் கழிவால் கிணற்று நீர் உப்பாகி வாழையும் முருங்கையும் பட்டுப்போன பிறகும் அங்கே ஒரு மரம் மட்டும் காய்த்தது. நர்ஸாக இருந்த அம்மா அதை நார்த்தை என்பாள். “இன்னாக்கா, நர்ஸுன்ற, மோந்து பாரு, இது கடாரங்கா!” என்பார் பக்கத்து வீட்டு ஷகிலா ஆன்ட்டி. உப்பிலும் பிழைத்த மரம் என்பதால் மரபணுச் சோதனைக்கு இலை பறித்துப்போன வேளாண் கல்லூரிப் பெண் திரும்பி வருவதற்குள், வீட்டுச் சொந்தக்காரர் கொல்லையை ஷெட்டுக்கு விற்று, மரம் இருந்த இடம் சிமென்ட் தளமாகியிருந்தது.

“ரெண்டும் இல்லீங்க, இது புது ரகம். ஒட்டுக்கட்ட ஒரு கொம்பு கிடைக்குமா?” என்றார் அந்தக் கல்லூரிப் பெண்.

அம்மா அந்த மரத்துக் காயில் போட்ட ஊறுகாய் ஜாடியைத் திறந்து, கருத்துப்போன விதைகளைக் கரண்டியால் தேடி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இது மொளைக்குமாம்மா?”