பட்டுச்சா என்று கேட்டார்

சடுகுடுவில் கை பட்டதா என்று சந்தேகம் வந்தால் பட்டவனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பையன்கள் பந்தயத்தின் மூன்றாம் விதி. விதிகளை எழுதிப் பந்தயத்தை நடத்தியவர் விழுப்புரத்து டிக்கெட் பரிசோதகர். நாள் முழுதும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டவருக்கு, மைதானத்தில் மட்டும் வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது.

தீபாவளிக்காக மனைவி, அந்தப் பந்தயத்தில் நாங்கள் வாங்கிய பித்தளைக் கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்தாள். அந்த வாடையில் நாற்பதுகளின் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. கடைசி ஆட்டம். திண்டிவனத்துத் தலைவன் ஆரோக்கியம் பாடிக்கொண்டே வந்து, என் முழங்கையைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினான்.

“பட்டுச்சிடா! சொல்லேன்டா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

“ஏம்பா, பட்டுச்சா?” என்றார் பரிசோதகர்.

“படலீங்க.”

கோப்பை எங்களுக்கு வந்தது. ஆரோக்கியம் என் கையைக் குலுக்கினான். அதற்கும் ஒரு விதி இருந்தது. புதிதாகத் தேய்த்த கோப்பையின் புளி வாடை இரண்டு நாள் என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

முப்பது வருடம் ஆபீசில் அடுத்தவர் மனுக்களுக்குக் குறிப்பு எழுதியவன், இப்போது என் மனுவை எழுதினேன். திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆரோக்கியத்துக்கு, பட்டது உண்மை என்று ஒரே வரி.

“மனு ரொம்ப லேட்டு. ஆனாலும் ஏத்துக்கினேன். கோப்பைய எடுத்துக்கினு ஜல்தி வா” என்ற பதில் வந்து சேர்ந்தது, போகியன்று.