வலது பக்கத்து சீட்

அந்தக் காரை இன்றைக்கும் யாராவது புகழ்ந்து பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் அப்படி ஒரு கார் வேறு யாரிடமும் இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் ஓடிவிட்டு அரசாங்க ஏலத்துக்கு வந்ததை, என் கணவர் மதராசில் ஒரு வாரம் தங்கி எடுத்துவந்தார். பங்காளி வீட்டில் புது அம்பாசிடர் வாங்கியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதைக் கொண்டுவந்து செக்காலை ரோட்டில் நிறுத்தியதும் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்கள். "ஆச்சி, இது எறக்கை மொளைச்ச வண்டி! ஏறி உக்காந்தா மதுரை வந்துரும்" என்று ஜவுளிக் கடைக்காரர் என்னிடம் சொன்னார். சிரித்து வைத்தேன்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் ரோட்டில் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே என்ன வருகிறது என்று வலது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, "போலாம்" என்று சொன்னால்தான் முந்த முடியும். மற்ற வண்டியென்றால் பின்னாலேயே பொறுமையாகப் போகலாம். இந்த எஞ்சினை வைத்துக்கொண்டு அவரால் எந்த வண்டிக்கும் பின்னால் போக முடியவில்லை.

டிரைவர் வைக்கச் சொன்னேன். "இன்னொருத்தன் கையில குடுக்கவா வாங்கினேன்?" என்றார். அப்படியானால் வலது பக்கத்து சீட்டில் நான் உட்காருகிறேன் என்றதற்குச் சிரித்தார். "கண்ணாடி போட்டவ நீ. தூரத்துல வாரது மாடா பஸ்ஸான்னு ஒனக்குத் தெரியுமா?"

எங்கள் மகளை உட்கார வைத்தார். அவளுக்கு வயது பத்து. உட்கார்ந்தால் ரோடு தெரியாது என்று சீட்டில் முழங்காலிட்டு, கண்ணாடியில் நெற்றி முட்ட வருவாள். அவளுக்கு ஒரு சட்டமும் போட்டார். எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்தாலும் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். அந்த வழக்கத்தை அவர் காருக்குள்ளும் கொண்டுவந்தார். "வேண்டாம், போகாதீகன்னு வண்டியில உக்காந்து சொல்லக் கூடாது. அபசகுனம். போலாம்னு சொல்லு. இல்லையா, பேசாம இரு." வீட்டில் அரிசியைப் பற்றிச் சொல்வதும், எழுபது எண்பது மைல் வேகத்தில் போகும் காரில் சொல்வதும் ஒன்றா? கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கு 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர் கிடைத்தது.

ஒருநாள் கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மதியம் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் வைக்கோல் லாரி. ரோட்டை அடைத்துக்கொண்டு, புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"போலாமா?" என்றார்.

மகள் பேசவில்லை. பின் சீட்டிலிருந்து நான், "பொறுங்க, என்ன அவசரம்?" என்றேன்.

"ஒன்னையக் கேக்கல. ஏத்தா, போலாமா?"

"புழுதியா இருக்கு அப்பச்சி. தெரியல."

"தெரியலன்னு ஒரு பதிலா? கண்ணு எதுக்கு இருக்கு? சொல்லு!"

குழந்தை அழப்போகிற குரலில், "போலாம்" என்றாள்.

லாரியைப் பாதி தாண்டியபோது எதிரே பஸ். அவர் பிரேக்கை மிதிக்கவில்லை, ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். பஸ் ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலஞ் செடிகளுக்குள் போய் நின்றது. எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடி எங்கே போனதென்றே தெரியவில்லை. பஸ் டிரைவர் இறங்கிவந்து திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

என் கணவர் மகளைத் திரும்பிப் பார்த்து, "நீ சொன்னதாலதான வந்தேன்?" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சாயங்காலம் பங்காளியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "வேற வண்டியா இருந்தா நாங்க இந்நேரம் இல்ல. அந்த இழுப்புலதான் தப்பிச்சோம்" என்று கதை சொன்னார். பங்காளி விடவில்லை. "எங்க அம்பாசிடரா இருந்தா லாரிக்குப் பின்னாலயே வந்திருப்பீக. கண்ணாடியாவது மிஞ்சியிருக்கும்." அவருக்கு முகம் சுண்டிப் போனது. மகளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "ஆத்தா, அந்த பஸ்ல எத்தனை பேரு இருந்திருப்பாக?"

அந்த வெள்ளிக்கிழமை, கார் தப்பித்ததற்காகக் கோவிலூரில் அர்ச்சனை என்றார். ஆமாம், கார் தப்பித்ததற்காக. வழக்கம்போல் மகளை முன்னால் ஏறச் சொன்னார். அவள் கதவுப் பிடியைத் தொட்டபடி நின்றாள். நான் அவளைப் பின்னால் ஏற்றிவிட்டு வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

"ஒனக்குத் தூரம் தெரியாதுல்ல?"

"தெரியாது. வண்டிய எடுங்க."

ஊரைத் தாண்டியதும் ஒரு மாட்டுவண்டி.

"போலாமா?"

"வேண்டாம்."

அவர் என்னை முறைத்தார். சற்று தூரம் போய் மறுபடி கேட்டார். "வேண்டாம்" என்றேன். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. என் கண்ணாடி வழியாக எல்லாம் நன்றாகவே தெரிந்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "வாங்க மொதலாளி, ரோடு காலியாத்தான கெடக்கு! நம்ம மாடு பந்தயத்துக்கு வராது" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"அவனே சொல்றான்."

"வேண்டாம்."

அவர் தானாகவே போயிருக்கலாம். என் பக்கமாகச் சாய்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நான் 'போலாம்' சொல்ல மாட்டேனா என்று என் வாயையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து என் கோபம் குறையவில்லை, ஏறியது. அந்தப் பயத்தைத்தானே இத்தனை நாளும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்து ஓட்டினார்!

அந்த எஞ்சின் மாட்டின் நடைக்கு உறுமி உறுமி ஊர்ந்தது. "இப்படியே போனா பூசை முடிஞ்சிரும்" என்றார்.

"முடியட்டும்."

திரும்பிப் பார்த்தேன். அந்தக் காரில் ஒரு நாளும் கண்ணை மூடாத என் மகள், பின் சீட்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பொறுமையிழந்து ஹாரனில் கையை வைத்தார்.

"கைய எடுங்க" என்றேன். "பிள்ள தூங்குது."