பலகைமேல் நின்ற மாப்பிள்ளை

கல்யாணம் ஆனபோது என் மனைவி என்னைவிட உயரம். இப்போதுதான் இதைக் கூச்சமில்லாமல் எழுத முடிகிறது.

கல்யாணமான மறுவாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். நான் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரம்தான். போட்டோக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். அது தெரியாதபடி அவளுடைய பட்டுப் புடவையை இழுத்துவிட்டார். அந்தப் படத்தில் நான் அவளைவிட இரண்டு விரல் உயரம்.

வெளியில் பலகை கிடையாதே. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் தோளைத் தாழ்த்தி முதுகை லேசாக வளைத்துக்கொள்வாள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தீபாவளித் துணி எடுக்கும்போதும் அப்படித்தான், கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போதும் அப்படித்தான். நான் கேட்டதும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை. உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன். ரயில்வே நண்பர்கள் மட்டும் விடவில்லை. ஏணி வருது, கூடவே ஸ்டூலும் வருது என்று தூரத்திலிருந்தே ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது கிள்ளானில் இருக்கிறோம். நாற்பதாவது கல்யாண நாளுக்கு அதே மாதிரி ஒரு படம் எடுத்து மாட்ட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. ஒருநாள் காலை எங்களை ஹாலில் நிறுத்திக் கைபேசியில் சும்மா ஒன்று எடுத்துப் பார்த்தாள். பலகை இல்லை, காலில் செருப்புகூட இல்லை. ஆனாலும் படத்தில் என் மனைவியின் உச்சி என் நெற்றியளவுதான் இருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னும் ஏம்மா குனியிற? இந்த வயசுல நம்மள யாரு அளக்கப் போறா? நிமிர்ந்து நில்லு லா" என்றேன்.

"நிமிர்ந்துதாங்க நிக்கிறேன்" என்றாள்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். போன வருஷம் ஈரத்துணி வாளியைத் தூக்கும்போது முதுகில் சுருக்கென்றதை அங்கேதான் சொன்னாள். தைலம் தேய்த்து அதோடு விட்டிருக்கிறாள். முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து டாக்டர் திரையில் காட்டினார். கட்டம் கட்டமாக இருக்க வேண்டிய எலும்புகளில் இரண்டு, பாசாரில் காய் வாங்கும் பையின் அடியில் மாட்டிய ரொட்டி மாதிரி முன்பக்கம் நசுங்கியிருந்தன. பிறகு எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன். படுக்க வைத்தார்கள், மேலே ஏதோ மெதுவாக நகர்ந்தது, வலியே இல்லை என்று வெளியே வந்து சொன்னாள். எலும்பு நிறைய மெலிந்துவிட்டது என்று முடிவு வந்தது. போன உயரம் திரும்பாது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, விழாமல் இருந்தால் மிச்ச எலும்புகளைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

உயரம் குறைந்ததைக் கவனிக்கவில்லையா என்று அவர் என்னைத்தான் கேட்டார். கவனித்தேன், எனக்காகக் குனிகிறாள் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? திரும்பும் வழியில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவளோ பாசாரில் காரை நிறுத்தச் சொல்லி ஒரு பை நெத்திலி வாங்கினாள். கால்சியமாம்.

கல்யாண நாள் வந்தது. இந்தத் தடவை அம்மாவுக்குப் பலகை போடலாமா என்றாள் மகள். ஏறி விழுந்து வைத்தால் என்ன ஆவது என்று தடுத்துவிட்டேன். மகள் கைபேசியைத் தூக்கியதும் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தோளைத் தாழ்த்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. இவள் இதை எத்தனை வீட்டுக் கல்யாணங்களில் சிரித்த முகத்தோடு செய்திருப்பாள் என்று நினைத்தேன்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

"நிமிருங்க. வீட்டுக்கு ஒரு கூனல் போதும்."

நான் நிமிரவில்லை.